ஃபசீஷஸ் என்று சொன்னால் பாராட்டா, திட்டா?

ஆங்கிலச் சொற்களைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பகுதி இது. இந்தத் தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் நகைச்சுவை சம்பந்தமான சொற்களைப் பற்றியவை, அதிலும் ‘ஃபசீஷஸ்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அதனால் இந்த இதழில் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசிவிடலாம்.

கேள்வி: எங்கள் துறைத் தலைவர் ஒரு விழாவில் பேசினார், அரங்கமே சிரித்தது. மறுநாள் அவருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் எழுதும்போது எத்தனை தடவைதான் ‘ஃபன்னி’ என்றே எழுதுவது என்று அகராதியைப் புரட்டி, “தேங்க் யூ ஃபார் யுவர் ஃபசீஷஸ் ஸ்பீச்” என்று எழுதிவிட்டேன். அகராதியில் ‘நகைச்சுவையான, வேடிக்கையான’ என்றுதான் போட்டிருந்தது. அவரோ, “ஐ வாஸ் குவைட் சீரியஸ், ஆக்சுவலி” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: உங்களைக் குறை சொல்வதைவிட அந்த அகராதியைத்தான் சொல்வேன். ‘நகைச்சுவையான’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு அது நகர்ந்துவிட்டது, ஆனால் ஃபசீஷஸ் என்பதில் நகைச்சுவை பாதிதான். மீதிப் பாதி, அந்த நகைச்சுவை எந்த நேரத்தில் வந்தது என்பதைப் பற்றியது. சீரியஸாகப் பேச வேண்டிய இடத்தில், சீரியஸான பதிலை எதிர்பார்க்கிற ஒருவரிடம், சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு விளையாட்டாக எதையாவது சொன்னால் அதற்குப் பெயர் ஃபசீஷஸ்.

ஒரு டாக்டர் நோயாளியிடம், “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?” என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்று வையுங்கள். அவர், “ஆபீஸ் மீட்டிங்கில் தூங்குவதையும் சேர்த்தா டாக்டர்?” என்கிறார். நல்ல பதில்தான், டாக்டருக்கே சிரிப்பு வரலாம். ஆனால் அவர் முன்னால் இருக்கிற படிவத்தில் எண் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இதுதான் ஃபசீஷஸ் ஆன்ஸர். இதே வரியை அவர் நண்பர்களோடு அரட்டை அடிக்கும்போது சொல்லியிருந்தால் அது வெறும் ஜோக், யாரும் அதை ஃபசீஷஸ் என்று சொல்ல மாட்டார்கள். வரியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, சொன்ன இடம்தான் மாறியது.

இப்போது உங்கள் தலைவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் மெனக்கெட்டுத் தயாரித்து, நடுநடுவே சிரிக்க வைத்து, சொல்ல வந்த விஷயத்தையும் சொல்லி முடித்திருக்கிறார். நீங்கள் அதை ஃபசீஷஸ் ஸ்பீச் என்று சொன்னதும் அவர் காதில், ‘பொறுப்பாகப் பேச வேண்டிய மேடையில் விளையாடிவிட்டுப் போனீர்கள்’ என்று விழுந்திருக்கிறது. அவர் பதிலில் ‘சீரியஸ்’ என்ற சொல் வந்ததற்குக் காரணம் இதுதான், ஃபசீஷஸுக்கு எதிர்ப்பதம் என்று ஆங்கிலக்காரர்கள் மனதில் முதலில் வருவது சீரியஸ்.

நீங்கள் தேடிய சொல் விட்டி. அறிவோடு கலந்த நகைச்சுவைக்கு அதுதான் பாராட்டுச் சொல். ஹ்யூமரஸ், எண்டர்டெய்னிங் என்று எழுதியிருந்தாலும் குறையில்லை. அவருக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள், நீளமாக விளக்கம் எல்லாம் வேண்டாம். “ஐ மென்ட் விட்டி. ஐ ரியலி என்ஜாய்ட் யுவர் ஸ்பீச்” என்று இரண்டு வரி போதும். வேற்று மொழிச் சொல் தடம் மாறிப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், புரிந்துகொள்வார்.

கேள்வி: சார்காஸ்டிக், ஃபசீஷஸ், ஃபிளிப்பன்ட் என்று மூன்று சொற்களையும் ஒரே பொருளில்தான் எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை சும்மா ஆசிரியர்கள் உண்டாக்கியதா?

பதில்: உண்மையிலேயே இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஒரே சூழ்நிலையில் மூன்றையும் வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

ஒரு கூட்டத்துக்கு ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். காத்திருந்து வெறுத்துப்போன தலைவர், “அடடா, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே!” என்கிறார். இது சார்காஸ்டிக். நினைப்பதற்கு நேர் எதிராகச் சொல்கிறார், அது எதிராளிக்குச் சுருக்கென்று படவேண்டும் என்றே சொல்கிறார். சார்காஸம் என்ற சொல்லின் வேர், சதையைக் கிழிப்பது என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல். அந்தக் கடி இன்றைக்கும் அதில் இருக்கிறது.

அடுத்து, “ஏன் லேட்?” என்று தலைவர் நேராகவே கேட்கிறார். வந்தவர், “இன்றைக்கு பூமி கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிட்டது போலிருக்கிறது சார்” என்கிறார். இது ஃபசீஷஸ். யாரையும் குத்தவில்லை, யாரையும் குறிவைக்கவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு வேடிக்கையை வைத்து நழுவுகிறார், அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரம் வீணாய்ப் போன தலைவருக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அதே கேள்விக்கு அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, “ஒரு மணி நேரம்தானே, அதுக்கென்ன இப்போ?” என்று சொல்லியிருந்தால் அது ஃபிளிப்பன்ட். இதில் ஜோக்கே இல்லை, கவனித்தீர்களா? ஃபிளிப்பன்ட்டாக இருப்பதற்கு ஜோக் அடிக்க வேண்டியதே இல்லை, பெரிய விஷயத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தட்டிவிட்டாலே போதும். ஃபசீஷஸாக இருக்க வேண்டுமென்றால் வேடிக்கையாகப் பேசும் முயற்சி கட்டாயம் இருக்க வேண்டும். அது நன்றாக வந்ததா, சொதப்பியதா என்பது வேறு விஷயம், முயற்சி இருந்தாக வேண்டும்.

மூன்றில் எது அதிகமாகப் புண்படுத்தும் என்றும் நீங்கள் கேட்கலாம். சந்தேகமில்லாமல் சார்காஸ்டிக்தான். மூன்றில் மிகவும் லேசானது ஃபசீஷஸ், அதற்கு எரிச்சல் வரும், கோபம் வருவது குறைவு. ஒருவரை, “யூ ஆர் பீயிங் சார்காஸ்டிக்” என்று சொன்னால், ‘என்னைக் காயப்படுத்துகிறாய்’ என்கிறீர்கள். “யூ ஆர் பீயிங் ஃபசீஷஸ்” என்றால், ‘என் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறாய்’ என்கிறீர்கள். புகாரே வேறு. இதைக் குழப்பிக்கொண்டால், சாதாரணமாக விளையாடிய ஒருவரை வன்மம் பிடித்தவர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், நட்பு கெட்டுப்போக அது போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜாக்யுலர் என்று ஒரு சொல் இருக்கிறது, கலகலப்பாகப் பேசுகிற சுபாவத்துக்கு. அதில் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. யாரையாவது, ‘ஜாலியாகப் பேசுபவர்’ என்று நல்லவிதமாக எழுத வேண்டுமானால் ஜாக்யுலர் என்று எழுதுங்கள், ஃபசீஷஸை விட்டுவிடுங்கள்.

கேள்வி: “ஹி இஸ் ஃபசீஷஸ்” என்று ஒரு இடத்தில் பார்த்தேன், “ஹி இஸ் பீயிங் ஃபசீஷஸ்” என்று இன்னொரு இடத்தில் பார்த்தேன். இரண்டாவது இலக்கணப்படி சரியா? ‘பீயிங்’ போடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: இரண்டும் சரி, பொருள்தான் வேறு. இந்தச் சொல்லைப் பேச்சில் கேட்கும்போது பத்துக்கு எட்டு தடவை உங்கள் காதில் விழப்போவது ‘பீயிங்’ சேர்ந்ததுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

“ஹி இஸ் ஃபசீஷஸ்” என்றால் அவர் ஆளே அப்படி, எதைக் கேட்டாலும் இப்படித்தான் பேசுவார் என்று அவருடைய குணத்தையே சொல்கிறீர்கள். “ஹி இஸ் பீயிங் ஃபசீஷஸ்” என்றால் இப்போது, இந்த நிமிஷம், அப்படி நடந்துகொள்கிறார் என்று பொருள். நாளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக்கூடும். முதலாவது மனிதருக்கு ஒட்டிய முத்திரை, இரண்டாவது அவர் செய்கையைப் பற்றிய குறிப்பு. யாரையும் கண்டிக்கும்போது இரண்டாவதைச் சொல்வதுதான் நாகரிகம், ஆங்கிலம் பேசுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதியும் பொய்யில்லை, அது வேறு வகைச் சொற்களுக்கானது. “ஐ ஆம் பீயிங் ஹேப்பி”, “ஷி இஸ் பீயிங் டால்” என்று சொல்ல முடியாது. மகிழ்ச்சியும் உயரமும் நாம் செய்கிற செய்கைகள் இல்லை. ரூட், பொலைட், சில்லி, கேர்ஃபுல், ஃபசீஷஸ் இதெல்லாம் நாம் நினைத்தால் செய்யலாம், நினைத்தால் நிறுத்தலாம். அப்படிப்பட்ட சொற்களுக்கு மட்டும் ‘பீயிங்’ ஒட்டும்.

எது ஒட்டும், எது ஒட்டாது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் “டோன்ட் பி” என்று போட்டு ஒரு கட்டளையாகச் சொல்லிப் பாருங்கள். “டோன்ட் பி சில்லி”, “டோன்ட் பி ரூட்”, “டோன்ட் பி ஃபசீஷஸ்” எல்லாம் இயல்பாக வருகின்றன. “டோன்ட் பி டால்” என்று ஒருவரிடம் சொல்லவே முடியாது. கட்டளை போட முடிகிற சொல்லுக்கு ‘பீயிங்’கும் வரும் என்று வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் இது கைகொடுக்கும்.

அப்புறம், இந்தச் சொல் எந்தெந்தப் பெயர்ச்சொற்களோடு சேரும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். ரிமார்க், காமென்ட், கொஸ்டின், ஆன்ஸர், சஜஷன், டோன் இவற்றோடு அழகாகச் சேரும். எல்லாமே பேச்சோடு சம்பந்தப்பட்டவை. ஃபசீஷஸ் மூவி, ஃபசீஷஸ் கார்ட்டூன் என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர் ஒரு நொடி நின்று யோசிப்பார். ‘எதைப் பற்றி’ என்று சொல்ல ‘அபௌட்’ போட வேண்டும். “ஹி வாஸ் ஃபசீஷஸ் அபௌட் தி ரூல்ஸ்” என்றால் விதிமுறைகளை வைத்து வேடிக்கையாகப் பேசினார் என்று பொருள். வினையடையாக வேண்டுமானால் ஃபசீஷஸ்லி. ஒருவர் ‘ஒன்லி ஹாஃப் ஃபசீஷஸ்லி’ ஒன்றைச் சொன்னார் என்று கட்டுரைகளில் எழுதுவார்கள், பாதி விளையாட்டு, பாதி நிஜம் என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது, மனிதர்கள் மனதில் இருப்பதை உண்மையில் வெளியே சொல்வது பல நேரம் இப்படித்தான்.

கேள்வி: இதை எப்படி உச்சரிப்பது? நான் ‘ஃபேஸ்டியஸ்’ என்று சொன்னேன், யாருக்கும் புரியவில்லை.

பதில்: ஃப-சீ-ஷஸ். மூன்றே அசை, அழுத்தம் நடுவில் இருக்கிற ‘சீ’யில். முதல் அசையை அழுத்தாமல் லேசாகத் தொட்டுவிட்டுப் போங்கள். கடைசியில் வரும் டி, ஐ, ஓ, யு, எஸ் என்ற ஐந்து எழுத்தும் சேர்ந்து ‘ஷஸ்’ என்றுதான் ஒலிக்கும், ஆம்பிஷஸ், காஷஸ் என்ற சொற்களில் ஒலிக்கிற மாதிரியே. அந்த டியைப் பார்த்து ‘டியஸ்’ என்று சொல்லிவிடுகிறோம், அங்கேதான் சறுக்குகிறது.

முகம் என்ற பொருளுள்ள ஃபேஸுக்கும் இதற்கும் உறவு கிடையாது, முதல் நான்கு எழுத்து தற்செயலாக ஒன்றுபோல இருக்கிறது. இன்னும் இரண்டு சொற்களோடும் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபாஸ்டிடியஸ் என்றால் சின்னச் சின்ன விஷயத்திலும் ரொம்பக் கறாராக இருப்பவர், எளிதில் திருப்திப்படாதவர். ஃபாக்டிஷஸ் என்றால் செயற்கையாக உண்டாக்கியது. நீங்கள் சொன்ன ‘ஃபேஸ்டியஸ்’ கேட்பவருக்கு ஃபாஸ்டிடியஸ் மாதிரி விழுந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்க ஒரு அருமையான வசதி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எஃப், ஏ, சி, இ, டி, ஐ, ஓ, யு, எஸ். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும், ஏ, இ, ஐ, ஓ, யு என்ற அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறது. இப்படி அமைந்த சொற்கள் ஆங்கிலத்தில் மிகவும் குறைவு. உணவிலும் குடியிலும் கட்டுப்பாடாக இருப்பவரைச் சொல்லும் ஆப்ஸ்டீமியஸ் இன்னொன்று. ஃபசீஷஸ்லி என்று ஆக்கினால் கடைசியில் ஒய்யும் வந்து சேர்ந்துகொள்ளும். புதிர்ப் பிரியர்களுக்கு இந்தச் சொல் செல்லப்பிள்ளை.

கேள்வி: பழைய ஆங்கில எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் ‘ஃபசீஷஸ் ஜென்டில்மேன்’ என்று வரும்போது அந்த மனிதரைப் பாராட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சொல்கிற கெட்ட அர்த்தம் எங்கேயும் தெரியவில்லையே?

பதில்: நீங்கள் படித்தது சரி. சொல்தான் காலப்போக்கில் இடம் பெயர்ந்துவிட்டது.

இதன் வேர் லத்தீன். ஃபசீட்டஸ் என்றால் நயமான, நாகரிகமான, சாதுரியமாகப் பேசுகிற என்று பொருள், அதிலிருந்து வேடிக்கைப் பேச்சுக்கு ஃபசீஷியா என்ற பெயர்ச்சொல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் நல்ல பெயரோடுதான் வந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில்கூட இதற்குக் கலகலப்பான, உற்சாகமான, சாதுரியமான என்ற பொருள்களைத்தான் கொடுத்திருக்கிறார், கண்டிக்கும் தொனி அங்கே இல்லை. அந்தக் காலத்தில் ஒருவரை ஃபசீஷஸ் கம்பேனியன் என்றால், கூட உட்கார்ந்து பேச அருமையான ஆள் என்று அர்த்தம்.

அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக, ‘எப்போது பார்த்தாலும் வேடிக்கையா?’ என்ற சலிப்பு அந்தச் சொல்லுக்குள் ஏறியது. இதே வேரின் பன்மை வடிவமான ஃபசீஷியே என்பதற்கு நடந்தது இன்னும் விசித்திரம். 19ஆம் நூற்றாண்டுப் புத்தக வியாபாரிகள் தங்கள் பட்டியல்களில் நகைச்சுவைப் புத்தகங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்தத் தலைப்பை, ஆபாசப் புத்தகங்களை நாசூக்காகக் குறிப்பதற்கும் பயன்படுத்தினார்கள். சொல்லுக்கு நல்ல பெயர் போவதற்கு இப்படியும் வழிகள் உண்டு.

அதனால் 18ஆம் நூற்றாண்டு எழுத்தைப் படிக்கும்போது பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பத்திரிகையில் படித்தால், மேலே சொன்ன இன்றைய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிகளில் ‘நகைச்சுவையான’ என்று மொட்டையாகப் போட்டிருப்பதற்கு இந்தப் பழைய அர்த்தமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஃபசீஷஸுக்குச் சரியான தமிழ்ச் சொல் ஒன்று சொல்லுங்கள். நக்கல், நையாண்டி, கிண்டல், கேலி, குசும்பு, எள்ளல், பகடி என்று இத்தனை வைத்திருக்கிறோம், ஒன்றுகூடப் பொருந்த மாட்டேன் என்கிறது.

பதில்: பொருந்தாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. நீங்கள் அடுக்கிய சொற்களில் பெரும்பாலானவை யாரையோ அல்லது எதையோ குறிவைத்துச் செய்யும் வேடிக்கையைச் சொல்பவை. நக்கலுக்கும் கேலிக்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது, அங்கேயும் முதலில் நிற்பது எள்ளல்தான். இவை எல்லாமே சிரிப்பு எதிலிருந்து வருகிறது என்று பார்க்கின்றன. ஃபசீஷஸ் பார்ப்பது அதை இல்லை, சிரிப்பு எந்த இடத்தில் வந்து விழுந்தது என்பதை. அதனால் பெயரடைக்குப் பெயரடை தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, வாக்கியத்தையே தமிழில் யோசித்துவிடுங்கள்.

“டோன்ட் பி ஃபசீஷஸ்” என்று ஒரு அம்மா மகனிடம் சொன்னால், “விளையாடாதே, நான் சீரியஸாகக் கேட்கிறேன்” என்று எழுதுங்கள். “ஐ வாஸ் பீயிங் ஃபசீஷஸ்” என்பதற்கு “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டவரை வேண்டுமென்றே சீண்டுகிற மாதிரி அந்தப் பதில் இருந்தால் ‘இடக்காகப் பதில் சொன்னான்’ என்பது கச்சிதமாக உட்காரும், இடக்கு என்ற சொல்லை நாம் எழுத்தில் மறந்துகொண்டே வருகிறோம், எடுத்துப் பயன்படுத்துங்கள். கொஞ்சம் செல்லமும் கலந்த இடமாக இருந்தால் குசும்பு சரியாக வரும். ஆனால் ஒரு நீதிமன்றக் காட்சியில் நீதிபதி வக்கீலைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்றால் குசும்பு என்று எழுதிவிடாதீர்கள், அங்கே “இது வேடிக்கை பேசும் இடமல்ல” என்பதுதான் நிற்கும்.

ஒரே சொல்லைப் புத்தகம் முழுக்கப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சில பதிப்பாசிரியர்கள் வற்புறுத்துவார்கள். கலைச்சொல்லுக்கு அது நியாயம், இந்த மாதிரி தொனியைச் சுமக்கிற சொல்லுக்கு அது நியாயமே இல்லை. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பார்த்து மாற்றத்தான் வேண்டும், அதற்காக வாதாடுங்கள்.

கேள்வி: ‘வெரி ஹிலேரியஸ்’ என்று எழுதினால் தப்பா?

பதில்: இலக்கணத்தை வைத்துத் தப்பு என்று அடித்துவிட முடியாது, காதுக்கு இடறும். ஹிலேரியஸ் என்பதிலேயே ‘ரொம்ப’ இருக்கிறது, விழுந்து விழுந்து சிரிக்க வைப்பது என்றுதானே பொருள். இன்னும் அழுத்தம் வேண்டுமானால் ‘ஆப்ஸல்யூட்லி ஹிலேரியஸ்’ என்று எழுதுங்கள். ஃபன்னிக்கு ‘வெரி’ தாராளமாகப் போடலாம். கூடவே ஒரு எழுத்துப்பிழை எச்சரிக்கை: பிரிட்டிஷ் வழக்கில் ஹ்யூமர் என்று எழுதும்போது ஓவுக்குப் பின்னால் ஒரு யு வரும், ஹ்யூமரஸ் என்று ஆகும்போது அந்த நடு யு போய்விடும். நன்றாக எழுதுகிறவர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வேலை தொடர்பாக எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் வரும். ஒருவர், “ஐ டோன்ட் மீன் டு பி ஃபசீஷஸ், பட்” என்று தொடங்கி ஒரு கேள்வி கேட்டிருந்தார். சிரிப்பு ஸ்மைலி போட்டுப் பதில் அனுப்பலாமா, வேண்டாமா?

பதில்: ஸ்மைலி வேண்டாம். அந்த வரிக்கு, ‘நான் கேட்கப்போவது உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் நிஜமாகவே கேட்கிறேன்’ என்று அர்த்தம். “இதை யாராவது உண்மையில் படிக்கிறார்களா?” என்கிற மாதிரி, கேட்டால் குதர்க்கம் போலத் தெரியும் ஒரு நேர்மையான கேள்விக்கு முன்னால் இப்படி ஒரு பாதுகாப்பு வரியைப் போடுவது வழக்கம். எழுத்தில் குரல் கேட்காது, முகம் தெரியாது, அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நேரடியாக, முழுமையாகப் பதில் எழுதுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டி வந்தால் இந்த வரியையே எடுத்துப் போடலாம், மிக உபயோகமானது. ஜோக் அடித்துவிட்டு யாராவது முகம் சுளித்தால், “சாரி, ஐ வாஸ் பீயிங் ஃபசீஷஸ்” என்று சொல்லுங்கள். “ஐ வாஸ் ஜோக்கிங்” என்பதைவிட இது ஒரு படி மேல், ‘ஜோக் அடித்தேன்’ என்பதோடு ‘அடித்த நேரம் சரியில்லை’ என்று ஒப்புக்கொள்வதும் இதில் இருக்கிறது.

கேள்வி: என் மகளின் பள்ளி அறிக்கையில் ஆசிரியர், “பிரைட், பட் டென்ட்ஸ் டு பி ஃபசீஷஸ் இன் கிளாஸ்” என்று எழுதியிருக்கிறார். நான் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்றே தெரியவில்லை. அவளோ, “நான் ஜோக் சொல்வேன்னு பாராட்டியிருக்காங்க” என்கிறாள்.

பதில்: அந்த ‘பட்’டைக் கவனியுங்கள். ஆனால் என்று தொடங்கிய பிறகு யாரும் பாராட்ட மாட்டார்கள். கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் கேட்கிற கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லிவிடுகிறாள் என்பதுதான் ஆசிரியர் சொல்ல வந்தது. அதே சமயம் இது ரொம்ப மென்மையாக எழுதிய வரி. ‘டென்ட்ஸ் டு பி’ என்று போட்டிருக்கிறார், அவ்வப்போது அப்படி இருக்கிறாள் என்ற அளவில்தான் சொல்கிறார், அவள் சுபாவமே அப்படி என்று முத்திரை குத்தவில்லை. ரூட் என்றோ டிஸ்ரெஸ்பெக்ட்ஃபுல் என்றோ எழுத நினைத்திருந்தால் அந்தச் சொற்கள் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன, அவர் அவற்றை எடுக்கவில்லை. மரியாதைக் குறைவாக நடந்துகொள்கிறாள் என்று நீங்கள் வீட்டில் கண்டிக்க ஆரம்பித்தால் அது அவள் செய்யாத தப்புக்குத் தண்டனை ஆகிவிடும்.

வேடிக்கையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கேள்வி முதலில் புரிந்திருக்க வேண்டும், அதனால் அவள் பாடத்தைக் கவனிக்கிறாள் என்றே நான் நினைக்கிறேன். சில பிள்ளைகள் விடை தெரியாதபோது அதை மறைக்கவும் இப்படிச் செய்வது உண்டு. இவள் எந்த ரகம் என்பதை அறிக்கையில் இருக்கிற ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஆசிரியரை நேரில் பார்க்கும்போது, “குட் யூ கிவ் மி அன் எக்ஸாம்பிள்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் எந்தப் பாடத்தில், எந்தக் கேள்விக்கு, அவள் என்ன சொன்னாள் என்று சொல்வார். கணக்கு வகுப்பில் மட்டும்தான் இது நடக்கிறது என்று தெரியவந்தால், உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுங்கள்.